கயிற்றின் மேல் ஒரு கண்

காலைப் படகுக்கு யாரும் நடந்து வந்து பார்த்ததில்லை. சைக்கிளைத் தகரக் கூரைக்கு அடியில் சாத்துவதும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே டிக்கெட்டை நீட்டுவதும், வாயில் பாதி ரொட்டியோடு சுழல் கம்பியைத் தள்ளுவதுமாக எல்லாம் ஓட்டம்தான். வேலையும் படிப்பும் ஆஸ்பத்திரியும் அக்கரையில் இருக்கின்றன. இக்கரையில் வாடகை குறைவு. அதனால் விடிந்ததும் இக்கரை முழுக்கக் கிளம்பி அக்கரைக்குப் போகிறது, பொழுது சாய்ந்ததும் திரும்பி வருகிறது. இத்தனை பேரையும் சுமந்து திரிவது இரண்டே படகுகள்.

துறை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டிக்கெட் ஜன்னல், பெஞ்சு போட்ட கூடம், ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் சரிவான இரும்புப் பாலம், பாலத்தின் முனையில் மிதவை மேடை. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், வற்றினால் இறங்கும். ஈரம் காயவே காயாத அந்த மேடையில்தான் கயிற்றுக்காரம்மா நிற்பாள்.

படகு மேடையை நெருங்கும்போது முன்பக்கத்திலிருந்து நெட்டை என்கிற பையன் கயிற்றை வீசுவான். படகில் எடுபிடி வேலை எல்லாம் அவன்தான். கை நீளம், குறி சுமார். ஆனால் அவன் எங்கே வீசினாலும் அவள் பிடித்துவிடுவாள். தலைக்கு மேலே போனாலும் பிடிப்பாள், முழங்காலுக்குக் கீழே வந்தாலும் பிடிப்பாள். பிடித்த வேகத்தில் அதன் கண்ணியை இரும்பு முளையில் மாட்டி, "பிடிச்சாச்சு!" என்று ஒரு குரல். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் படகின் கம்பிக் கதவைத் திறக்கலாம். மழைக்கோட்டுக்குள் தண்ணீர் இறங்கி முதுகோடு ஓடுகிற நாளிலும் அவள் கயிற்றை நழுவவிட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் நிற்கிற நிற்பைப் பார்க்கவே கூடத்திலிருந்து எழுந்து வந்து நிற்கிற ஆட்கள் உண்டு.

படகை ஓட்டுகிறவர் அவள் புருஷன். அவர் பெயரைத் துறை மறந்து வெகுநாளாயிற்று. 'நிதானம்' என்றால்தான் தெரியும். அவசரத்தில் வந்தவர்கள் எரிச்சலில் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. "என்ன நிதானம், இன்னைக்குள்ள போய்ச் சேந்துடுவோமா?" என்று கேட்டால், "நாளைக்கு லீவு போட்டிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். அவர் படகை மேடையோடு ஒட்டும்போது நின்றுகொண்டிருப்பவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளாக அந்தப் "பிடிச்சாச்சு" மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் ஓட்டுகிற அறையின் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள், அவரும் கையைத் தூக்குவார். இப்போது படகின் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். கயிற்றைப் பிடித்த சங்கதியை அவள் படகுக்குத்தான் தெரிவிக்கிறாள், உள்ளே இருக்கிற ஆளுக்கு இல்லை என்பது துறையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். இரண்டாவது படகை ஓட்டுகிறவர் வேலையை விட்டு மகன் வீட்டோடு போகப்போகிறார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். கயிற்றுக்காரம்மா லைசென்ஸுக்குப் படித்து எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டாள். கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில், மேடையில் மாற்று ஆள் கயிறு பிடிக்க, புருஷன் பக்கத்தில் நிற்க, அவளே ஓட்டியும் பழகியிருக்கிறாள். பாக்கி இருந்தது அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டுவது மட்டும். தேறினால் படகு அவள் கைக்கு வரும். தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் இன்னொரு இடம் காலியாகும் காலத்தில் அவளுக்கு முட்டி தேய்ந்திருக்கும்.

துறை சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனால் தானாக ஒரு முடிவு எடுத்துப் பழக்கமில்லை. நிதானத்தை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க வீட்டுக்காரின்னு பாக்காம சொல்லுங்க. அவங்களைத் தனியா விடலாமா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரி என்று பார்க்காமல் சொல்லவேண்டும் என்றதும் மனிதருக்கு நேர்மை பொங்கிவிட்டது.

"ஆத்துல அவளைக் குறை சொல்ல முடியாது சார். எங்க இழுப்பு, எங்க மண்ணு ஏறியிருக்கு, எல்லாம் என்னைவிட நல்லாத் தெரியும். கரை கிட்ட வரும்போதுதான்... நெட்டை கயித்தை வீசுனதும் அவ கண்ணு கயித்தோட போயிடும். இத்தனை வருஷம் பிடிச்ச கை இல்லையா? அந்த நேரத்துல படகோட பின்பக்கம் விலகிடும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு தோணுது."

சூப்பர்வைசர் "ம்" என்றார். அவர் அறைக்கும் டிக்கெட் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். டிக்கெட் கொடுக்கிற பெண்ணுக்குக் காது நல்ல காது, வாய் அதைவிட நல்ல வாய். நிதானம் அறையை விட்டு வெளியே வந்து டீ வாங்கி வாயில் வைப்பதற்குள் விஷயம் மிதவை மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

துறைக்கு மேலே மேட்டுத் தெருவில் அவர்கள் வீடு. இரண்டே அறை, ஆற்றைப் பார்த்த ஒரு ஜன்னல், கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு மழைக்கோட்டுகள். அவர்கள் மகள் அக்கரையில் நர்ஸுக்குப் படிக்கிறாள். அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் வேலை வந்துவிட்டது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு."

"அப்பா, சோறு..."

"கேட்டுச்சும்மா. எனக்குப் பசி இல்லைன்னு சொல்லு."

"அம்மா, அப்பாவுக்கு..."

"பசி எப்படி இல்லாமப் போகும்? காலையில ரொட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போன மனுஷன். வந்து உக்காரச் சொல்லு."

"நான் என்ன நர்ஸுக்குப் படிக்கிறேனா, தபால்காரி வேலை பாக்குறேனா?" என்றாள் மகள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நேரா பேசுனா என்ன?"

"எனக்குப் பேச என்ன இருக்கு? பேசுறவங்கதான் ஆபீஸ் ரூமுக்குப் போய்ப் பேசுறாங்களே."

நிதானம் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பசி இல்லை என்று சொன்ன மனிதர் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டதை அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

சூப்பர்வைசர் வழக்கம்போல் முடிவைத் தலையிலிருந்து இறக்கிவிட்டார். அதிகாரியே வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின சாயங்காலம் அவள் பின்வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிதானம் தன் பூட்ஸைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேலே மலைப்பக்கம் மழை கட்டியிருந்தது. ஆற்றின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"நான் எங்க கயித்தைப் பாத்தேன்?" என்று அவள் திடீரென்று கேட்டாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். நேருக்கு நேராக ஒரு கேள்வி வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் பாக்குறே."

"பொய்."

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

"அப்படிப் பாத்திருந்தா பின்பக்கம் விலகியிருக்கணும் இல்ல? ஒரு தடவையாவது விலகுச்சா? அளவெடுத்தாப்பல நேரா வந்து ஒட்டலை?"

பூட்ஸில் துடைக்க இனி ஒன்றும் இல்லை.

"நான் ஒரு விரல் வச்சிடுவேன்" என்றார்.

"எதுல?"

"ஓட்டுற சக்கரத்துல. அடிப்பக்கம். லேசாத்தான். நீ கயித்தைப் பாக்குற நேரம் பாத்து..."

அவள் கையில் இருந்த துணி பாதி பிழிந்தபடி நின்றது. தண்ணீர் அவள் காலிலேயே சொட்டியது.

"அப்ப நான் ஓட்டவே இல்ல."

"ஆத்தைத் தாண்டி வந்தது பூரா நீதானே?"

"கரை சேத்தது நீங்க. இது தெரியாம நான் மத்தியானம் ஓட்டிட்டு வந்த அன்னைக்கெல்லாம் கால் தரையில படாம நடந்தேன். டீக்கடையில பெருமை பேசுனேன். நெட்டை எல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பான்?"

"சொன்னா மனசு ஒடிஞ்சுடுவேன்னு நினைச்சேன்."

"அதனால சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்க. நல்ல நியாயம்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். குரல் உயரவே இல்லை, அதுதான் நிதானத்துக்குப் பயமாக இருந்தது. "நெட்டை தப்புப் பண்ணா என்ன பண்றீங்க? ஆறே கேக்குற மாதிரி கத்துறீங்க. அவன் மறுநாள் திருத்திக்கிறான். அவனுக்குக் குடுக்குற மரியாதையை எனக்குக் குடுத்தா என்ன? திட்டுறதுக்குக்கூட நான் ஆள் இல்லையா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆசையாகத்தான் அந்த விரலை வைத்தார், அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி அவர் கண்ணை மூடவே இல்லை.

மறுநாள் ஆறு கலங்கி ஓடியது. மேலே பெய்த மழையெல்லாம் இறங்கி, கூடவே முகத்துவாரத்தில் கடல் வற்றுகிற நேரமும் சேர்ந்து, மேடை ஓரத்தில் கட்டிய டயர்களில் தண்ணீர் சலசலவென்று அறுத்துக்கொண்டு போனது. பழகியவர்களே யோசிக்கிற இழுப்பு. சோதிக்க வந்த அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடிக்காமல், படகு எழும்புகிற தருணம் பார்த்து ஒரே எட்டில் ஏறினார். தானும் படகு ஓட்டிய மனிதர்தான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு நாள் வேண்டாம்னா சொல்லுங்கம்மா, தள்ளி வச்சுக்கலாம்" என்றார்.

"இந்தத் தண்ணியில ஆபீஸ் போறவங்க போகாம இருக்கப் போறாங்களா சார்? நானும் போறேன்" என்றாள் அவள்.

காலைக் கூட்டம் சேர்வதற்கு முன் வெறும் படகாக அக்கரை போய்த் திரும்பவேண்டும். புருஷன் படகில் இருக்கக்கூடாது என்பது அதிகாரியின் உத்தரவு. எல்லாம் சரி, அக்கரையில் ஆள் உண்டு, இக்கரை மேடையில் கயிறு பிடிக்க யார்? பிடிக்கிற ஆள்தான் சக்கரத்தில் நிற்கிறாளே! மாற்று ஆளுக்கோ காய்ச்சல். சூப்பர்வைசர் டீக்கடைக்காரரைப் பார்த்தார், டீக்கடைக்காரர் பாய்லரைப் பார்த்தார்.

"நான் பிடிக்கிறேன்" என்றார் நிதானம்.

டிக்கெட் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். துறையில் சேர்ந்த புதிதில் நிதானத்தைக் கயிறு பிடிக்கத்தான் போட்டார்கள். வந்த கயிறெல்லாம் தண்ணீரில் விழுந்தது. இந்த ஆளை எங்கே வைத்தால் கயிறு பிழைக்கும் என்று யோசித்துத்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மனிதர் அங்கேதான் தன்னைக் கண்டுகொண்டார். இது துறை முழுக்கத் தெரிந்த கதை. நிதானத்துக்கும் தெரியும். ஆனாலும் அவள் அங்கே ஆற்றில் இருக்கும்போது இவர் கூடத்துப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

படகு போனது தெரிந்தது. அக்கரையைத் தொட்டதும் தெரிந்தது. திரும்பும்போது இக்கரையில் கூட்டம் சேர்ந்து பாலம் வரைக்கும் நின்றிருந்தது. மகளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

நடு ஆற்றில் அவள் படகை நேராக விடவில்லை. மேல்பக்கமாகச் சாய்த்து ஏற்றி, இழுப்பு தானாகக் கீழே தள்ளும்படி விட்டு, அந்தத் தள்ளலிலேயே கரைப்பக்கம் வந்தாள். ஆறு செய்கிற வேலையை ஆற்றிடமே விட்டுவிட்டு வருகிற அந்த வித்தையைப் பார்த்து நிதானத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இதை அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடையில் நின்று ஆற்றைப் பார்த்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தது.

படகு மூக்கை இழுப்புக்கு எதிரே திருப்பிக்கொண்டு மேடைக்கு அருகே வந்தது. நெட்டை கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தான். நிதானம் காலை அகட்டி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நெட்டை வீசினான்.

கயிறு நேராக அவர் நெஞ்சுக்குத்தான் வந்தது. பிள்ளைகள்கூடப் பிடித்துவிடும். அவர் கை மூடும்போது கயிறு அங்கே இல்லை. சட்டையில் ஈரத்தைப் பூசிவிட்டு மேடை விளிம்பில் சறுக்கித் தண்ணீரில் போய் விழுந்தது. பின்னாலேயே குனிந்து முழங்காலிட்டவர் இடுப்புவரை நனைந்ததுதான் மிச்சம்.

"ஐயையோ" என்றது கூட்டம்.

கெடுத்துவிட்டேனே என்றுதான் நிதானம் முதலில் நினைத்தார். கயிறு விழுந்தால் அவள் பார்ப்பாள், பார்க்காமல் அவளால் முடியாது, பின்பக்கம் விலகும், இந்த இழுப்பில் விலகினால் படகு குறுக்கே போய்விடும். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

அவள் கயிற்றைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. முகத்தைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, படகின் வாலுக்கும் மேடைக்கும் இடையில் இருக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை எஞ்சின் பிடியில். கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள். ஆறு முழுக்க ஓடிக்கொண்டிருக்க, கட்டாத படகு கட்டியதுபோல் நின்றது.

நெட்டை கயிற்றை இழுத்து மறுபடி சுருட்டினான். மறுபடி வீசினான். நிதானம் மறுபடி விட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்க நிதானம், அப்பவாவது வருதா பாப்போம்!" என்று யாரோ கத்தினார்கள். காற்று வேறு ஒரு பக்கமாகத் திரும்பி அடித்தது. படகின் வால் கொஞ்சம் விலகப் பார்த்தது. அவள் விட்டாளா? சக்கரத்தை இரண்டு பிடி திருப்பி அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாள். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி தன் குடையைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை நிதானம் கையை நம்பவில்லை. கயிற்றை உடம்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முளையில் மாட்டினார். குரல் கொடுக்கவேண்டும் என்பது அவருக்கு மறந்தே போனது. கூட்டம் மொத்தமும் சேர்ந்து "பிடிச்சாச்சு!" என்று கூவியது.

அதிகாரியும் அவளும் இறங்கி வந்தார்கள். டிக்கெட் பெண் ஜன்னலை விட்டே வெளியே வந்துவிட்டாள். "வேணும்னேதானே விட்டீங்க? அக்கா எவ்வளவு நல்லா நிறுத்துறாங்கன்னு அதிகாரிக்குக் காட்டத்தானே?" என்றாள்.

"சத்தியமா இல்லம்மா. எனக்கு வரலை" என்றார் நிதானம், சொட்டச் சொட்ட. ஒருவரும் நம்பவில்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "ரெண்டு தடவை கயிறு விழுந்துச்சும்மா. யாரா இருந்தாலும் ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருப்பாங்க. நீங்க திரும்பவே இல்லையே, எப்படி?"

அவள் புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"மேடையில இவர் நிக்கிறதைப் பாத்ததுமே கயிறு தண்ணிக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு சார். அப்புறம் அதை எதுக்குப் பாக்கணும்?"

துறையே விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டை கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மகள் சிரித்த சிரிப்பில் தோள்பை கழன்று விழுந்தது. அதிகாரி சிரித்து முடித்து, "அடுத்த நடையையும் நீங்களே எடுங்க, ஆளுங்களோட. நான் பக்கத்துல நிக்கிறேன். அப்புறம் நான் வரவேண்டிய வேலையே இருக்காது" என்றார். சூப்பர்வைசர் தன் முடிவே அதுதான் என்பதுபோல் தலையாட்டினார்.

கூட்டம் ஏறத் தொடங்கியது. நிதானம் மனைவியிடம் போனார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரியும். சொல்லாமல் இருக்கக்கூடாது என்பதும் தெரியும்.

"ரெண்டாவது தடவை வால் ஒரு முழம் வெளிய போச்சு" என்றார்.

"காத்து திரும்புச்சு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். காத்து திரும்புறதுக்கு முன்னாடி தண்ணியில தெரியும். மேல்பக்கம் சுருக்கம் விழும். அதை நீ பாக்கலை. பாத்திருந்தா ஒரு முழம் போயிருக்காது."

டிக்கெட் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த நேரத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறாரே என்று நெட்டையும் பயந்தான். அவள் முகமோ வெகுநாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது.

"மேல்பக்கம் சுருக்கம்" என்று திருப்பிச் சொன்னாள். "சரி. அக்கரையில பாருங்க, போகுதான்னு. கீழே உக்காந்து நல்லாப் பாத்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

நிதானம் ஈரக் கால்சட்டையோடு ஆட்கள் உட்காருகிற பெஞ்சில் போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில் ஒருவர் செய்தித்தாள் விரித்திருந்தார், எதிரே ஒரு பெண் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் காலுக்கடியில் ஒரே சீராகக் கேட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தைக் கவனிக்கவேண்டும் என்று திரும்பி வாகாக உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா. அப்பா, எந்திரிங்க."

மகள் தோளை உலுக்கினாள். அவர் திடுக்கிட்டு எழுந்தார். பெஞ்சுகள் காலி. கடைசி ஆட்கள் கம்பிக் கதவைத் தாண்டி அக்கரை மேடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டியாச்சா?"

"எப்பவோ கட்டியாச்சு. அம்மா உங்களைப் பாக்கச் சொன்னாங்கல்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே படியிறங்கி வந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. "ஒரு முழம் போச்சா, இல்லையா?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றார் நிதானம். "தூங்கிட்டேன்."

"படகு கரையில ஒட்டுனதுகூடவா தெரியலை?"

"தெரியவே இல்லம்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் ஓட்டுறப்பவா தூங்குனீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.